நற்செய்தி யாருடையது?



வீட்டில் ஒரு பிள்ளை தேர்வில் தேறிவிட்டது என்றால் வீடு முழுவதும் மகிழ்கிறது. பாடம் சொல்லிக் கொடுத்தவர் நமக்குப் பிடிக்காத உறவினராக இருக்கலாம். அதற்காக, பிள்ளை தேறவே இல்லை என்று சாதிப்பவர் எவரும் இல்லர். ஆனால் நாட்டில் ஏழைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வரட்டும். அப்போது நாம் நடந்துகொள்ளும் முறையே வேறு. செய்தி மெய்யா என்று கேட்பதற்கு முன், 'யாருடைய ஆட்சியில்?' என்று கேட்கிறோம். அதற்கு விடை கிடைத்த பின்னரே மகிழ்வதா, மறுப்பதா என்று முடிவு செய்கிறோம்.

பொருளாதாரம் பற்றிய நல்ல செய்தியை இவ்வாறு கூட்டம் பார்த்து ஏற்பதும் கூட்டம் பார்த்துத் தள்ளுவதும் இன்று படித்தவர், படியாதவர் அனைவரிடமும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எங்கிருந்து வருகிறது, இதனால் நட்டப்படுபவர் யார் என்பதை இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

மும்முறை நடந்த ஒரே நாடகம்

நம் நாட்டின் வறுமைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதிரிக்கெனத் தேர்ந்த வீடுகளுக்கு அலுவலர்கள் நேரில் சென்று, அரிசி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, துணிமணி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வர். அதிலிருந்தே நூற்றுக்கு இத்தனை பேர் வறியவர் என்னும் கணக்கு பிறக்கிறது.

இக்கணக்கின்படி 1993-94இல் நூற்றுக்கு 36 பேர் வறியவர். 1999-2000இல் அது 26 ஆகக் குறைந்தது. வாஜ்பாய் அவர்கள் தலைமை அமைச்சராக இருந்தபோது இச்செய்தி வெளியாயிற்று. 1991இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள் இதைத் தம் கொள்கைக்குக் கிடைத்த நற்சான்றாகக் கொண்டாடினர். சீர்திருத்தங்களை எதிர்த்தவர்கள் கணக்கே தவறு என்றனர். எண் ஒன்றுதான். அதைக் கண்டவுடன் யார் என்ன சொல்வார் என்பது, எண் வருவதற்கு முன்பே எழுதி வைத்தாற்போல் இருந்தது.

அடுத்த காட்சி 2013 ஜூலையில். அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி. 2004-05இல் நூற்றுக்கு 37.2 ஆக இருந்த வறியவர் தொகை 2011-12இல் 21.9 ஆகக் குறைந்ததென்று திட்டக்குழு அறிவித்தது. தலைக்கணக்கில் சொன்னால் 40 கோடியே 70 இலட்சம் பேர், 26 கோடியே 90 இலட்சம் பேராகக் குறைந்தனர். ஆளுங்கட்சியினர் பெருமை பேசினர். எதிர்வரிசையில் இருந்த பாரதிய ஜனதா கட்சியினர் இதனை ஏழைகளைக் கேலி செய்யும் கணக்கு என்றனர். சிற்றூரில் மாதம் ஒருவருக்கு 816 ரூபாய், நகரில் 1,000 ரூபாய் என்று வகுத்த வறுமைக்கோடு மிகத் தாழ்ந்தது என்றும் கூறினர். அந்தக் கோட்டைக் காக்க முன்வந்த ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர், மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறார உண்ணலாம் என்று சொல்லி நாடு முழுவதன் ஏச்சையும் வாங்கிக்கொண்டார். அதே மாதத்தில்தான் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மலிவு விலையில் தானியம் தரும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. நூற்றுக்கு 22 பேரே ஏழைகள் என்றால் 67 பேருக்கு எதற்காகத் தானியம் என்று அன்று கேட்கப்பட்டது.

மூன்றாம் காட்சியில் மேடை அதுவே; நடிகர்கள் மட்டும் இடம் மாறி நின்றனர். 2024 ஜனவரியில் நிதி ஆயோக், ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 24 கோடியே 82 இலட்சம் பேர் பல்பரிமாண வறுமையிலிருந்து மீண்டனர் என்றது. 2025 ஜூனில் உலக வங்கி, நாளொன்றுக்கு 3 டாலர் என்னும் தன் புதிய அளவுகோலின்படி இந்தியாவின் கடும் வறுமை 2011-12இல் நூற்றுக்கு 27.1 ஆக இருந்து 2022-23இல் 5.3 ஆகக் குறைந்ததென்று கணக்கிட்டது. (இங்கே டாலர் என்பது நாணயச் சந்தையில் மாற்றும் டாலர் அன்று, அந்தந்த நாட்டின் விலைவாசிக்கேற்பத் திருத்திய டாலர்.) இம்முறை பெருமை பேசியவர்கள் பாரதிய ஜனதா கட்சியினர், ஐயம் எழுப்பியவர்கள் காங்கிரஸார். ஏழைகள் குறைந்துவிட்டார்கள் என்றால் 80 கோடி மக்களுக்கு எதற்காக இலவசத் தானியம் என்று இப்போது இவர்கள் கேட்டனர்.

பத்தாண்டு இடைவெளியில் ஒரே கேள்வி தோள் மாறியது. அதற்குரிய ஒரே விடையும் தோள் மாறியது. அவ்விடை இரு காலத்திலும் நியாயமானதே. வறுமைக்கோடு என்பது மதில் அன்று. தரையில் கிழித்த ஒரு கோடு. அதற்கு ஓரடி அப்பால் நிற்பவர், வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் மறுபடியும் இப்பால் வந்து விழுவார். அவருக்கும் வேலி தேவைப்படுகிறது. ஆதலால் தானியம் பெறுவோர் தொகை வறியவர் தொகையினும் மிகுந்திருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. இதை 2013இல் சொன்னவர்கள் பின்னர் மறந்தனர். 2013இல் மறுத்தவர்கள் பின்னர் கற்றுக்கொண்டனர்.

வளர்ச்சி விகிதக் கணக்கிலும் இதுவே நிகழ்ந்தது. 2018 ஆகஸ்டில், தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைத்த குழுவொன்றின் வரைவறிக்கை, காங்கிரஸ் கூட்டணி ஆண்ட ஆண்டுகளின் வளர்ச்சி முன்பு கருதியதைவிட மிகுதி என்று காட்டியது. காங்கிரஸார் உண்மை வெளிப்பட்டது என்றனர். மறுதரப்பு அது வெறும் வரைவு என்றது. அதே ஆண்டு நவம்பரில் அரசின் அதிகாரபூர்வக் கணக்கு வந்தது. அதில் 2010-11ஆம் ஆண்டின் வளர்ச்சி 10.3 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாக இறக்கப்பட்டிருந்தது. இப்போது ஆளுந்தரப்பு வரவேற்றது, காங்கிரஸார் நகைத்தனர். நிகழ்ந்து முடிந்த அதே ஆண்டுகளைப் பற்றி மூன்று மாத இடைவெளியில் இரு தரப்பும் தத்தம் குரலை மாற்றிக்கொண்டன. அந்த ஆண்டுகளில் உழைத்தவர் உழைப்போ உண்டவர் உணவோ இந்த மூன்று மாதங்களில் மாறிவிடவில்லை.

பிற நாட்டிலும் இதே நோய்

இது நம் நாட்டு அரசியலுக்கே உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டா. எழுத்தறிவிலும் செய்தி வசதியிலும் மிகுந்த அமெரிக்காவிலும் இதனை ஆராய்ந்து பதிவு செய்திருக்கின்றனர்.

குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரீகன் அவர்கள் எட்டாண்டுகள் ஆண்டு முடித்த 1988இல் அங்கே ஒரு தேர்தல் ஆய்வு நடந்தது. 1980இல் 13.5 சதவீதமாக இருந்த விலைவாசி ஏற்றம் 1988இல் ஏறத்தாழ 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. எனினும், இந்த எட்டாண்டில் விலைவாசி ஏற்றம் குறைந்ததா கூடியதா என்று கேட்டபோது, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் உறுதியான ஆதரவாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் நிலைமை மோசமாகிவிட்டது என்றே விடையளித்தனர். லாரி பார்ட்டல்ஸ் என்னும் அரசியல் அறிஞர் இதனை 2002இல் எடுத்துக்காட்டினார்.

சரி, இது ஜனநாயகக் கட்சியினரின் குறைதானோ என்றால், அதுவும் இல்லை. 1996இல் அக்கட்சியின் கிளிண்டன் அவர்கள் ஆட்சியில் இருந்தார். அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை 1992இல் 29,000 கோடி டாலராக இருந்தது 1996இல் 10,700 கோடி டாலராகக் குறைந்திருந்தது. இம்முறை பற்றாக்குறை கூடிவிட்டது என்று சொன்னவர்களில் குடியரசுக் கட்சியினரே மிகுதி. ஆட்சி மாறியவுடன் குருடும் கட்சி மாறிக்கொண்டது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. 2015இல் தம் ஆய்வுகளை வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் குழுக்கள் இரண்டு, இத்தகைய கேள்விகளைக் கேட்பதோடு, சரியான விடைக்குச் சிறிது பணம் தருவதாகவும் கூறிப் பார்த்தன. உடனே இரு கட்சியினரின் விடைகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிப் போயிற்று! இதன் பொருள் யாது? அவர்களில் பலர் உண்மையை அறியாதவர்கள் அல்லர். உள்ளத்தில் அறிந்திருந்தும், கேள்விக்கு விடை சொல்வதை விட்டுத் தம் கொடியை உயர்த்திக் காட்டினர். காசு என்றதும் கொடி சற்றே தாழ்ந்தது. உண்மை சற்றே எட்டிப் பார்த்தது.

சிறுவர்கள் பங்கிட்ட காசு

இந்தக் கொடிப்பற்று அரசியல் கற்பித்ததா, அன்றி அரசியலுக்கும் முந்தியதா? ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் உளவியல் அறிஞர் 1970ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு சோதனை செய்தார். போலந்தில் பிறந்த யூதர் அவர். இட்லரின் கொடுமையில் தம் குடும்பத்தாரை இழந்தவர். மனிதர் ஏன் 'நம்மவர், பிறர்' என்று பிரிகின்றனர் என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுவர்களுக்கு அவர் ஓவியங்களைக் காட்டினார். 'உனக்குப் பால் கிளேயின் ஓவியம் பிடித்தது, உனக்குக் காண்டின்ஸ்கியின் ஓவியம் பிடித்தது' என்று சொல்லி இரு குழுக்களாக்கினார். உண்மையில் சிறுவர்களின் விருப்பத்தைப் பார்த்துக்கூட அவர் பிரிக்கவில்லை; மனம்போன போக்கில் பிரித்தார். ஒருவன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. பின்னர், பெயர் தெரியாத இரு சிறுவர்களுக்குக் காசு பங்கிடுமாறு ஒவ்வொருவனிடமும் கூறினார். பங்கிடுபவனுக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

நடந்தது என்ன? சிறுவர்கள் தம் குழுவினனுக்கே மிகுதியாகக் கொடுத்தனர். இதுவரை வியப்பில்லை. ஆனால் இருவருக்குமே நிறையக் காசு கிடைக்கும் வழி இருந்தபோதும், பலர் அதனை விடுத்து, எதிர்க்குழுவினனைவிடத் தம்மவன் கூடுதலாகப் பெறும் வழியை நாடினர். அதனால் தம்மவனுக்கே கிடைக்கும் காசு குறைந்தபோதும் அவர்கள் கவலைப்படவில்லை. தம்மவன் நிறையப் பெறுவதைக் காட்டிலும், மற்றவனை விஞ்சுவது அவர்களுக்குப் பெரிதாகப்பட்டது.

ஒரு மணி நேரத்திற்கு முன்பு வரை இல்லாத குழு அது. அதற்கே இவ்வளவு பற்றென்றால், தலைமுறை தலைமுறையாகக் கொடி பிடித்த கட்சிக்கு எவ்வளவு இருக்கும்! நாடு செழித்தால் நமக்கும் நன்மை என்று அறிவு சொல்கிறது. ஆயினும் அந்தச் செழிப்பின் புகழ் எதிர்த்தரப்புக்குப் போய்விடுமானால், செழிப்பே வேண்டா என்று மனத்தின் ஒரு மூலை முணுமுணுக்கிறது. நற்செய்தி கசப்பதன் காரணம் இதுதான்.

இப்னு கல்தூன் கண்ட உண்மை

மதரஸாவில் வரலாறு பயின்றவர்களுக்கு இது புதிதன்று. ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1332இல் துனீசில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன் இம்மனப்போக்கை ஆராய்ந்திருக்கிறார். குலமும் கூட்டமும் தம்மவரோடு ஒட்டி நிற்கும் உணர்வுக்கு அவர் தந்த பெயர் 'அஸபிய்யா'. அதனை முற்றிலும் தீயதென்று அவர் தள்ளிவிடவில்லை. அரசுகள் எழுவதும் நிற்பதும் அவ்வுணர்வின் வலிமையால்தான் என்பதே அவர் நூலின் அடிப்படை.

ஆனால் அதே 'முகத்திமா' நூலில், வரலாற்றுச் செய்திகளில் பொய் எவ்வழியே புகுகிறது என்று ஆராயும்போது, அவர் முதலாவதாகச் சுட்டுவது கொள்கைச் சார்பையும் தரப்புப் பற்றையும்தான். உள்ளம் நடுநிலையில் இருக்குமானால் வந்த செய்தியை அது சீர்தூக்கிப் பார்க்கும். ஒரு தரப்பின் மீது பற்றுக் கொண்டுவிட்டால் தனக்கு இயைந்த செய்தியைக் கேட்ட கணத்திலேயே ஏற்றுக்கொள்ளும். அப்பற்று அறிவின் கண்ணைத் திரையிட்டு மறைத்து ஆராயவிடாமல் தடுக்கும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம்.

ஊன்றிக் கவனியுங்கள். கூட்டத்தைக் கட்டி எழுப்பும் அதே உணர்வுதான் செய்தியைக் கெடுக்கவும் செய்கிறது. தோளோடு தோள் நிற்க அது வேண்டும். கணக்குப் பார்க்க உட்காரும்போது அதை வாசலில் நிறுத்திவிட வேண்டும்.

ஐயம் வேறு, பகை வேறு

அவ்வாறாயின் அரசு தரும் எண் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அன்று. ஐயுறுவது குடிமகனின் உரிமை. சில வேளைகளில் கடமையும் ஆகும்.

1999-2000ஆம் ஆண்டுக் கணக்கையே பாருங்கள். அதில் உண்மையாகவே ஒரு குறை இருந்தது. முன்பெல்லாம் கடந்த முப்பது நாள்களில் உண்ட உணவின் கணக்கைக் கேட்பது வழக்கம். அந்த ஆண்டில் அதே வீட்டாரிடம் ஏழு நாள் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் சேர்த்தே கேட்டனர். ஒரு விடை மற்றொரு விடையை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? அங்கஸ் டீட்டன் என்னும் பொருளியலறிஞர் அந்தக் குறையைத் திருத்திக் கணக்கிட்டுப் பார்த்தார். வறுமை குறைந்தது மெய். ஆனால் அரசு சொன்ன அளவுக்குக் குறையவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கொண்டாடியவர்களும் முழுதும் சரியல்லர், மறுத்தவர்களும் முழுதும் சரியல்லர். 2015இல் நோபல் பரிசு பெற்ற இவ்வறிஞர் ஐயுற்ற முறை அது. எண்ணைத் தூக்கி எறியாமல் தேய்த்துத் துலக்கினார்.

இன்றைய கணக்கின் மீதும் நேரிய ஐயங்கள் உண்டு. 2017-18இல் நடத்திய செலவின ஆய்வை, தரம் போதாது என்று கூறி அரசு வெளியிட மறுத்துவிட்டது. 2022-23 ஆய்வில் 2 இலட்சத்து 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டனர். ஆனால் முன்போல் ஒரே முறை செல்லாமல் மும்முறை சென்று கேட்டனர். கேள்விப் பட்டியலையும் மாற்றினர். எனவே 2011-12 ஆய்வோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். கோட்டை எங்கே கிழிப்பது என்பதும் தீராத வினாவே. 2011-12க்கு டெண்டுல்கர் குழுவின் கோட்டின்படி நூற்றுக்கு 21.9 பேர் வறியவர். 2014இல் ரங்கராஜன் குழு கோட்டைச் சற்று உயர்த்திக் கிழித்தது. அதே ஆண்டுக்கு 29.5 பேர் வறியவராயினர். உலக வங்கியும் முந்தைய 2.15 டாலர் கோட்டின்படி 2022-23இல் 2.3 பேர் என்றது. 3 டாலர் கோட்டின்படி 5.3 பேர் என்றது. கோடு உயர்ந்தால் தொகையும் உயர்கிறது. ஆயினும் எந்தக் கோட்டை வைத்து அளந்தாலும் பழைய ஆண்டைவிடப் புதிய ஆண்டில் தொகை குறைவாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நேரிய ஐயத்தையும் பகை ஐயத்தையும் பிரித்தறிய எளிய உரைகல் ஒன்றுண்டு. ஐயுறுபவர் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இதே ஆய்வு, இதே முறையில், நமக்கு வேண்டியவர் ஆட்சியில் வந்திருந்தால் இக்கேள்வியை நாம் கேட்டிருப்போமா? கொண்டாடுபவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்: நமக்கு வேண்டாதவர் ஆட்சியில் இதே எண் வந்திருந்தால் இவ்வளவு விரைவில் நம்பியிருப்போமா? இரண்டிற்கும் 'ஆம்' என்று நெஞ்சறியச் சொல்ல முடிந்தால் நம் நிலை நேரானது.

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

நற்செய்தியை மறுப்போர் அனைவரும் கட்சிப் பற்றினால் மறுப்பவர் என்று சொல்லிவிடுவதும் அநீதி. விலைவாசி ஏற்றம் குறைந்துவிட்டது என்று வாப்பா நாளிதழைப் படித்துக் காட்டுகிறார். காய்கறிப் பையோடு வந்த உம்மா, 'எந்த ஊரில்?' என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது பொய்? இருவரும் சொல்வது மெய்தான். சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள் 7 சதவீத ஏற்றத்தால் 107 ரூபாயாயிற்று. இவ்வாண்டு ஏற்றம் 2 சதவீதமாகக் குறைந்தது. அப்படியானால் விலை என்ன? 109 ரூபாய். ஏறும் வேகம்தான் குறைந்ததே அன்றி விலை இறங்கவில்லை. வாப்பா வேகத்தைப் பேசுகிறார். உம்மா உயரத்தைப் பேசுகிறார்.

நாட்டுக் கணக்கு என்பது கோடிக்கணக்கான வீடுகளைக் கூட்டி வகுத்த சராசரி. அதில் மேலேறிய வீடும் இருக்கும், கீழிறங்கிய வீடும் இருக்கும். வேலை இழந்து நிற்பவரிடம் போய், நாடு வளர்ந்துவிட்டது, நீர் ஏன் முகம் வாடி இருக்கிறீர் என்று கேட்பது கல்நெஞ்சம். அவ்வாறே, என் அடுப்பு எரியவில்லை, ஆகவே நாட்டில் எந்த அடுப்பும் எரியவில்லை என்று முடிவு செய்வதும் கணக்காகாது. ஒருவர் துயரத்தைக் கேட்டறிய எண் தேவையில்லை. ஒரு நாட்டின் நிலையை அறிய ஒருவர் துயரம் மட்டும் போதாது.

இரு பிழைகள், இரு ஏழைகள்

யார் எதைச் சொன்னால் என்ன, இது படித்தவர்களின் வாய்ச்சண்டைதானே என்று எண்ணுகிறீர்களா? இல்லை, சகோதர சகோதரிகளே! இச்சண்டையில் நட்டப்படுபவர்கள் அதில் கலந்துகொள்ளாதவர்கள்.

ஆளுந்தரப்பின் மீதுள்ள பற்றினால் நற்செய்தியை ஊதிப் பெரிதாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வறுமை ஏறக்குறைய ஒழிந்தே விட்டது என்கிறோம். அப்போது இன்னும் கோட்டுக்குக் கீழே கிடப்பவர் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். உலக வங்கியின் அதே கணக்கின்படி, 2022-23இலும் அவ்வாறு கிடந்தவர்கள் ஏறத்தாழ 7 கோடியே 52 இலட்சம் பேர். சதவீதத்தில் அது சிறு எண். ஆனால் அத்தனை பேரும் பசி அறிந்த மனிதர்கள். ஒழிந்துவிட்டதாகச் சொல்லப்படும் துன்பத்திற்கு யாரும் மருந்து தேடுவதில்லை.

இனி, ஆளுந்தரப்பின் மீதுள்ள வெறுப்பினால் நற்செய்தியை மறுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாம் இழிவுபடுத்துவது ஆட்சியாளரை அன்று, ஏறி வந்தவரை. பத்தாண்டுகளில் ஒரு குடும்பம் வறுமைக்கோட்டைக் கடந்தது என்றால், அதைத் தூக்கிக் கொண்டுபோய் அப்பால் வைத்தவர் எந்த அமைச்சரும் அல்லர். பீடி சுற்றி மகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு தாய் இருந்தாள். அயல்நாட்டு வெயிலில் நின்று மாதந்தோறும் பணம் அனுப்பிய ஒரு மகன் இருந்தான். போடப்பட்ட சாலையும், நியாயவிலைக் கடையின் அரிசியும், பள்ளியின் மதிய உணவும் துணை நின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்சியினர் செய்தவை. அக்குடும்பம் ஏறவே இல்லை என்று நாம் சொல்லும்போது, அந்தத் தாயின் உழைப்பை இல்லை என்கிறோம். ஆட்சியாளர் அவள் உழைப்பின் புகழைத் திருடுகிறார் என்றால், நாம் அந்த உழைப்பையே அழிக்கிறோம்.

எது உதவியது என்று கற்கும் வாய்ப்பும் இதனால் போய்விடுகிறது. வறுமை குறையவே இல்லை என்பவன், எந்த மருந்து வேலை செய்தது என்று ஆராய மாட்டான். முழுதும் ஒழிந்தது என்பவன், இனி மருந்தே வேண்டா என்பான்.

ஓர் ஆட்சியின் பல செயல்களை நாம் கடுமையாக எதிர்க்கலாம். எதிர்க்க நியாயமும் இருக்கலாம். ஆனால் அதன் காலத்தில் ஏழை ஒருவன் பசி தீர்ந்தான் என்னும் செய்தியையும் மறுத்தாக வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஓர் எண்ணை ஏற்பது வாக்களிப்பது ஆகாது. இன்னின்ன நன்மை நடந்தது என்று ஒப்புக்கொண்டவன், இன்னின்ன அநீதியும் நடந்தது என்று சொல்லும்போதுதான் அவன் சொல்லுக்கு எடை கூடுகிறது. எதையும் ஒப்பாதவனின் குற்றச்சாட்டை எதிர்த்தரப்பு காது கொடுத்துக் கேட்பதே இல்லை; இவன் எப்போதும் இப்படித்தான் என்று கடந்து போய்விடுகிறது.

ஆகவே, அடுத்த முறை பொருளாதாரச் செய்தி ஒன்று வீட்டிற்கு வரும்போது, பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொண்டு ஒன்று செய்து பாருங்கள். செய்தியில் உள்ள கட்சியின் பெயரையும் தலைவரின் பெயரையும் முதலில் விரலால் மறைத்துவிடுங்கள். எதை அளந்தார்கள், யாரிடம் கேட்டார்கள், எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லி முடித்த பிறகு விரலை எடுங்கள். பெயரைக் கண்டதும் கருத்தை மாற்றிக்கொள்ளத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால், அந்த இடத்தில் பேசுவது அறிவு அன்று, அஸபிய்யா என்று பிள்ளைகளுக்கு விளங்க வையுங்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எந்தக் கொடியைப் பிடித்தாலும் சரி. ஏழையின் கணக்கில் பொய் எழுத மாட்டார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.